காலி பாட்டில்

காலை ஆறே காலுக்கு நான் பேரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டினேன் என்பதைவிடக் குத்தினேன் என்பதே சரி. முந்தின நாள் சாயங்காலமும் மகளின் பள்ளிக்கூடப் பைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் முடிச்சுப் போட்டு வந்திருந்தது. உள்ளே ஈரப் பாவாடை, ஈர ஜட்டி, ஒரு ஜோடி ஈரக் காலுறை. கவரின் மேல் டீச்சர் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் 'இன்றும்' என்று ஒரே ஒரு சொல், அதற்குக் கீழே கையெழுத்து. இன்றும் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ நான் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டு அனுப்புகிற மாதிரி. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக.

எனக்குக் கோபம் வர நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று என் கணவர் சொல்வார். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். நடு வழியில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியிலிருந்து பொறுமையாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தும் அதே குரலில்தான் என்னிடம் பேசுவார். அதிலேயே எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறும்.

மகளுக்கு எட்டு வயது. ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் வாலு. போன வருடக் கடைசியில்தான் இது ஆரம்பித்தது. அவசரம் என்பாள், ஓடுவாள், கதவுக்கு இரண்டடி முன்னால் எல்லாம் முடிந்துவிடும். சில நாள் எரிகிறது என்று அழுவாள். பரிசோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "சில பிள்ளைங்களுக்கு மூத்திரப்பை தொட்டாச்சிணுங்கி. பயப்பட ஒண்ணுமில்ல, வளர வளர சரியாயிடும். அதுவரைக்கும் அதைச் சீண்டாம பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். எவையெல்லாம் சீண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், டீ, நுரை பொங்குகிற குளிர்பானம், சாயம் போட்ட மிட்டாய், அதிகக் காரம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகி இன்னும் சீண்டும். வருகிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய் வர வேண்டும்.

அந்த இரண்டு வரியையும் நானும் படித்தேன். ஆனால் சமையலறையில் நிற்கிறவளுக்குக் கையில் கிடைப்பது தக்காளிதான். தக்காளியோடு சண்டை போடலாம்.

போட்டேன். தக்காளி வீட்டைவிட்டே போனது. எலுமிச்சை போனது. மிளகாய் பாதியாகி, பிறகு காலாகி, பிறகு காணாமலே போனது. மூன்று தடுப்பு வைத்த அவளுடைய டப்பா வாராவாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. சோறு, அவித்த உருளைக்கிழங்கு, தோல் சீவிய வெள்ளரிக்காய், முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பேரிக்காய். காரட்டுக்குத் தடையில்லை என்பதால் பார்வைக்காவது இருக்கட்டும் என்று அதை நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி மேலே தூவுவேன். ஒரு நாள் வாலு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, என் டப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். சிரிப்புதான் வந்தது. சிரித்துவிட்டு, "பேசாம சாப்பிடு" என்றேன்.

தண்ணீருக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். நீல நிறத்தில் ஒரு பாட்டில். அதன் மேல் நகப்பூச்சால் மூன்று கோடு போட்டேன். பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை, இரண்டு மணிக்கு அடிவரை. சாயங்காலம் அவள் வந்ததும் முதல் வேலை, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது. ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. டப்பாவும் காலி, பாட்டிலும் காலி. ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன தின்றாள், எவ்வளவு குடித்தாள் என்று எழுதி, இரண்டுக்கும் சரி என்று குறி போடுவேன். அடுத்த பத்தியில், நனைந்தது எத்தனை தடவை என்று எழுதும்போதுதான் பேனா தாளைக் கிழிக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் நனைகிறது? யாரோ எங்கேயோ எனக்குத் தெரியாமல் எதையோ கொடுக்கிறார்கள். வேறு வழியே இல்லை.

கண்டுபிடித்தேன். கணவரின் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் துழாவினால், ஆரஞ்சு மிட்டாய்த் தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்டி. புள்ள ஏங்கிப் போய் நின்னா."

"ஏங்கட்டும். நான் இங்க காலங்காத்தால எழுந்து உயிரைக் குடுத்து டப்பா கட்டுறேன், நீங்க ரோட்டோரத்துல நின்னு அதுல மண்ணைப் போடுங்க. நல்ல அப்பா!"

"அது நடந்து பத்து நாள் ஆச்சு. நேத்து நனைஞ்சதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்ததோ இல்லையோ, எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நாலு நாளும் அவருக்கும் அதே வெள்ளைச் சோற்றைக் கட்டி அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவியே கொண்டுவந்தார். அப்போதும் என் கோபம் போகவில்லை.

என் வேலையும் அப்படிப்பட்டது. துணி துவைக்கிற மெஷின் விற்கிற ஒரு நிறுவனத்தில், புகார் சொல்லிப் போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். தலையில் மாட்டிய ஹெட்போனுக்குள் யார் என்ன திட்டினாலும் நான் திரும்பக் கோபப்படக் கூடாது. "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வேன். என் கணினித் திரையின் மூலையில் ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். இருக்கையைவிட்டு எழுந்தால் அது சிவப்பாகி நிமிடங்களை எண்ண ஆரம்பிக்கும். மேற்பார்வையாளரின் திரையிலும் அதே சிவப்பு தெரியும். ஒரு ஷிப்ட்டுக்கு இரண்டு சிவப்பு, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். அதற்கு மேல் போனால் மாதக் கடைசியில் சுவரில் ஒட்டுகிற பட்டியலில் பெயர் வரும். அதனால் எங்கள் வரிசையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பத்து மேசையிலும் பத்து பாட்டில் அழகுக்கு நிற்கும். போகிற போக்கில் செடிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்புவோம்.

அன்றைக்குப் பேரிக்காயைக் குத்தி டப்பாவில் அடைத்து, மகளை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். மதிய இடைவேளையில் டீச்சர் கூப்பிட்டாள். சின்னப் பெண், மிஞ்சினால் இருபத்தைந்து வயது இருக்கும். குரலில் தேன் ஒழுகும்.

"மேடம், இன்னிக்கும் ஆயிடுச்சு. பெஞ்சு நனைஞ்சு, பக்கத்து வரிசைப் பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, நாளைலேர்ந்து டயப்பர் மாதிரி ஏதாவது போட்டு அனுப்ப முடியுமா?"

"எட்டு வயசுப் பொண்ணுக்கா?"

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம்."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். போனை வை என்று அர்த்தம். நான் வைக்கவில்லை. நாளைக்குக் காலையில் நேரில் வருகிறேன் என்றேன். தேவையில்லை மேடம் என்றாள். தேவை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வந்த பாட்டிலும் காலிதான். நோட்டில் சரி என்று குறி போட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கீழ்த்தளத்தில் நீளமான நடை; அதன் கடைசியில் அவள் வகுப்பு. நடைப்பக்கம் இருக்கும் சன்னல் என் மார்பு உயரத்துக்கு இருந்தது. இரண்டு பாடத்துக்கு நடுவில் வருகிற ஐந்து நிமிடம் அது. டீச்சர் ஏதோ நோட்டுக் கட்டை எடுக்கப் பக்கத்து வகுப்புக்குப் போயிருந்தாள். உள்ளே முப்பத்தைந்து பிள்ளைகளின் இரைச்சல். கையைத் தட்டிக் கூப்பிடலாமா என்று நினைத்தபோதுதான் அவளைப் பார்த்தேன்.

மூன்றாவது பெஞ்சில் ஐந்து பெண் பிள்ளைகள். நடுவில் வாலு. அவள் பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். மற்ற நாலு பேரும் தங்கள் பாட்டில் மூடிகளை வரிசையாக நீட்டினார்கள். பெரிய கண்ணாடி போட்ட ஒருத்தி குனிந்து, நான் நகப்பூச்சால் போட்ட கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்தாள். வாலு ஒவ்வொரு மூடியிலும் ஊற்றினாள். அவர்கள் மருந்து குடிப்பதுபோல மடக் மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி நீட்டினார்கள். இரண்டாவது சுற்று முடிந்ததும் கண்ணாடிக்காரி கையைக் காட்டி நிறுத்தினாள். சரியாகப் பத்து மணிக் கோடு. வாலு ஒரு விரலை நனைத்துத் தன் உதட்டில் தடவிக்கொண்டு மூடியைத் திருகினாள். கண்ணாடிக்காரி அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகுதான் புரிந்தது. எத்தனை மாதம்! எத்தனை சாயங்காலம் அந்த பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறேன்! என் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்திருக்கிறாள். நானோ தக்காளியை வில்லனாக்கி, கட்டினவரை வில்லனாக்கி, நோட்டில் சரி சரி என்று குறி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இரைச்சல் பட்டென்று நின்றது. வாலுவின் முகம் வெளிறிப் போனது.

"தண்ணியை ஏன் மத்தவங்களுக்கு ஊத்துற?"

அவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கண்ணாடிக்காரிதான் எழுந்து நின்றாள். எட்டு வயதில் என்ன தைரியம்! "ஆன்ட்டி, திட்டாதீங்க. அவ குடிச்சா அவளுக்கு வெளிய போகணும். போனா குச்சி போயிடும்."

"என்ன குச்சி?"

கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே ஏழு தகர டப்பா ஆணியில் தொங்கின, பெஞ்சுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பதினைந்து ஐஸ் குச்சி, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு பிள்ளையின் பெயர். ஒருவருக்கு மூன்று. திங்கட்கிழமை போட்டு வைப்பார்களாம். பாடம் நடக்கும்போது ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு குச்சியை எடுத்து டீச்சர் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை எந்த பெஞ்சில் பதினைந்தும் அப்படியே இருக்கிறதோ, அந்த பெஞ்சுக்குக் கடைசி பீரியட் முழுக்க மைதானம். ஒருத்தி ஒரு குச்சியை எடுத்தாலும் ஐந்து பேருக்கும் கிடையாது.

"எங்க பெஞ்சுதான் ஆன்ட்டி நாலு வாரமா ஜெயிக்குது" என்றாள். சொல்லும்போது முகமெல்லாம் பெருமை. "தண்ணி மிச்சமிருந்தா வீட்டுல அம்மா திட்டுவாங்கன்னு அவ அழுதா. அதான் நாங்க குடிச்சிக் குடுக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க அடக்கிடுவோம்."

அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. அவள் என் மகளுக்கு உதவி செய்திருக்கிறாள். கோபம் இருக்கிறது, ஆள் இல்லை. அதைவிட மோசமான நிலைமை வேறு கிடையாது.

ஆள் வந்தாள். கைநிறைய நோட்டோடு டீச்சர் வாசலில் நின்றாள். "மேடம், கிளாஸுக்குள்ள இப்படி வரக் கூடாது."

"நேத்து இவ பெஞ்சை நனைச்சாளே, அதுக்கு எத்தனை குச்சி போச்சு?"

"அதுக்குக் குச்சி கிடையாது மேடம். வெளிய போனா மட்டும்தான்."

"அப்ப பெஞ்சுலயே போனா பரவாயில்ல. எழுந்து போனாத்தான் தப்பு."

அவள் நோட்டுகளை மேசையில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. "அப்படியில்ல மேடம். இடைவேளை விடறோமே, அப்பப் போகலாமே. முன்னாடி ஒருத்தி எழுந்தா வரிசையா எல்லாரும் எழுந்து போவாங்க. பாடமே நடக்காது. இதைக் கொண்டுவந்த பிறகுதான் கிளாஸ் ஒழுங்கா இருக்கு."

"இடைவேளை எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"கக்கூஸ் எத்தனை?"

அவள் நோட்டுகளை நேராக அடுக்கினாள். முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை "மூணு, ஒண்ணுல தாப்பாள் இல்ல" என்றது.

"டாக்டர் சீட்டு வருஷ ஆரம்பத்துலயே குடுத்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவளை அனுப்பணும்னு அதுல எழுதியிருக்கு. படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம். அவ கேட்டா அனுப்புவேன். அவ கேட்கவே மாட்டேங்குறா. ஒருத்திக்கு மட்டும் குச்சி வேண்டாம்னு சொன்னா மத்த முப்பத்து நாலு பேரும் ஏன்னு கேப்பாங்க. ஒருத்திக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்."

"விடுங்க. முப்பத்தஞ்சு பேரையும் விடுங்க. மூத்திரத்துக்குப் போகாம இருக்கறதுக்குப் பரிசு குடுக்கற ஊர் எங்கயாவது உண்டா? நீங்க குடுக்கறீங்க!"

"நானே காலைல ஏழரைலேர்ந்து போகல மேடம்" என்றாள் அவள் திடீரென்று. இந்தத் தடவை குரலில் தேன் இல்லை. "முப்பத்தஞ்சு பேரைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது? யார் பாத்துப்பாங்க?"

வேறு நாளாக இருந்தால் அவளை உட்கார வைத்துப் பேசியிருப்பேன். ஆனால் வந்த வேகத்தில் என் காதுக்கு அது சாக்காகத்தான் கேட்டது. வாலுவின் பக்கம் திரும்பினேன். "உனக்கு அறிவில்ல? உடம்பு யாரோடது, இவங்களோடதா? டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! தண்ணி குடி, குடின்னு தொண்டை கிழியக் கத்துறேனே!"

வாலு அப்போதுதான் வாயைத் திறந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"நீயும்தான் ஆபீஸ்ல குடிக்க மாட்ட. குடிச்சா சிவப்பு வரும்னு அத்தைகிட்டச் சொன்ன. சிரிச்சிக்கிட்டே சொன்ன."

ஆமாம், சொன்னேன். நாத்தனார் வந்திருந்தபோது பெருமையாகவே சொன்னேன். எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன், என் மூத்திரப்பை இரும்பு என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைக்குக் காது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வாயால் தண்ணீர் குடி என்று சொல்லிக்கொடுத்தேன். குடிக்காமல் இருப்பதுதான் சாமர்த்தியம் என்று மொத்த உடம்பாலும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரை நோக்கி நடந்தேன். மூன்றாவது டப்பாவிலிருந்து மகள் பெயர் எழுதிய மூன்று குச்சியையும் பொறுக்கி எடுத்து, முப்பத்தைந்து பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றாகச் சேர்த்து முறித்தேன்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு முதலில் அழுதது கண்ணாடிக்காரி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை ஆன்ட்டி" என்றாள். "ஒரே ஒரு நாள்தான் பாக்கி." அவள் பெஞ்சில் மற்ற மூன்று பேரும் என் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். போனேன், ஆடித் தீர்த்தேன். டாக்டர் சீட்டை மேசையில் தட்டினேன். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன். எதிரில் இருப்பவரை எப்படி மடக்கக் கூடாது என்று பத்து வருடமாகப் பயிற்சி எடுத்தவள் நான். மடக்குவது எப்படி என்றும் அதிலேயே கற்றிருந்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார். குச்சித் திட்டம் வகுப்பு டீச்சரின் விருப்பம், அதில் தலையிட முடியாது. ஆனால் என் மகளுக்கு மட்டும் விலக்கு தரலாம். எந்த நேரமும் யாரிடமும் கேட்காமல் எழுந்து போகலாம், தண்ணீர் குடிக்கலாம். பாடத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் போய்வர வசதியாக, கதவை ஒட்டி ஒரு தனி இருக்கை போட்டுத் தருவார்கள். எந்த பெஞ்சுக் கணக்கிலும் அவள் வர மாட்டாள். சம்மதம் என்றால் இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

போட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மத்தியானம் வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கையெழுத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

சாயங்காலம் வாலு பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு அறைக்குள் போனாள். பாட்டிலை எடுத்தேன். முதல் தடவையாக அது கனத்தது; தண்ணீர் பத்து மணிக் கோட்டிலேயே நின்றது. அவளுக்காகக் குடிக்க இப்போது யாரும் இல்லை. சாப்பாட்டு டப்பாவும் அப்படியே வந்திருந்தது. காரட் நட்சத்திரங்கள் மட்டும் ஈரம் போய்ச் சுருங்கியிருந்தன.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே யாரையும் கேக்க வேண்டாம் கண்ணு. எப்ப வேணும்னாலும் போகலாம், அம்மா பேசிட்டேன்" என்றேன்.

"நான் பேசச் சொன்னேனா?"

"பின்ன? தினம் நனைஞ்ச பாவாடையோட வர்றது நல்லாருக்கா?"

"நனைஞ்சா அவங்க என்னைச் சுத்தி நின்னுக்குவாங்க. பாவாடை யார் கண்ணுக்கும் தெரியாது" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டே. "இப்பக் கதவுகிட்ட உக்காந்திருக்கேன். எல்லாருக்கும் தெரியும்."

கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் லிப்ட்காரர் குரலில் ஏதாவது சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். உள்ளே வந்து அவள் காலுறைகளை மட்டும் கழற்றிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் என் விரலைப் பிடிக்கவில்லை. பை வாரைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். மணி அடித்து, எல்லோரும் உள்ளே போய், டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்த பிறகும் நான் நடையிலேயே நின்றேன். மூன்றாவது பெஞ்சில் நாலு பேர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடமே இல்லை. கதவை ஒட்டி, யாருடைய முழங்கையும் படாத இடத்தில், அவளுடைய ஒற்றை மேசை இருந்தது. தலைமை ஆசிரியை வாக்குத் தவறவில்லை. கதவை அகலத் திறந்து, ஆடாமல் இருக்க அடியில் கட்டை வைத்திருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கீழே வைத்தாள். குடிக்க ஆரம்பித்தாள். பத்து மணிக் கோடு வந்தது, நிறுத்தவில்லை. பன்னிரண்டு மணிக் கோடும் தாண்டியது. தொண்டை ஏறி ஏறி இறங்கியது, கடைவாயில் வழிந்த தண்ணீர் கழுத்துப் பட்டையை நனைத்துச் சட்டைக்குள் இறங்கியது. கண்ணை என் மேலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். போதும், மெதுவாகக் குடி என்று கையைக் காட்டினேன். அவள் அண்ணாந்து கடைசிச் சொட்டையும் வாயில் விட்டுக்கொண்டாள்.

பிறகு வெறும் பாட்டிலை எனக்கு நேராக மேசை மேல் வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். திறந்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, மேசைக்கு அடியில் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டு, கணுக்கால் வரை பின்னி இறுக்கிக்கொண்டாள்.